சீட்டில் இல்லாத பெயர்

1989 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து வந்ததும் அப்பா என் கல்யாணத்தைப் பற்றி ஆண்டவரிடம் கேட்டார்.

எனக்கு அப்போது 21 வயது. பாளையங்கோட்டையில் பி.ஏ. வரலாறு எழுதிவிட்டுத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தேன். எம்.ஏ. படிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா அதை அப்பா காதில் போட்டாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு வரன்கள் வந்திருந்தன. ஒருவருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. இன்னொருவருக்குத் தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. இருவருமே நல்ல குடும்பம், இருவருமே சபைக்கு ஒழுங்காக வருகிறவர்கள். அப்பாவால் முடிவு செய்ய முடியவில்லை.

தம்பியின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டு சீட்டுகள் எழுதினார். ஒரே அளவாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். எல்லோரும் முழங்காலில் நின்றோம். அப்பா நெடுநேரம் ஜெபித்தார். பத்து வயதுத் தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தான். கூட்டுறவுச் சங்கம் வந்தது. அம்மா அழுதாள். அப்பா "ஸ்தோத்திரம்" என்றார். ஆகஸ்டில் கல்யாணம்.

இரண்டு சீட்டிலும் ஒரே பெயரை எழுதி வைத்த அப்பாக்களைப் பற்றிய கதைகளை எங்கள் பக்கத்தில் கேட்டிருக்கிறேன். என் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. எந்தச் சீட்டு வந்திருந்தாலும் அதற்குக் கீழ்ப்படிந்திருப்பார். ஜெபிக்கும்போது அவர் குரல் உடைந்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வாய்த்த கணவரும் நல்ல மனிதர். அதனால்தான் இதை யாரிடமும் ஒரு குறையாகச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. ஆனால் ஒரு நினைவு மட்டும் போகவில்லை. அந்தத் தாளில் இன்னும் ஒரு சீட்டுக்கு இடம் இருந்தது. 'இப்போது வேண்டாம், படிக்கட்டும்' என்று அதில் யாரும் எழுதவில்லை. எழுதாத சீட்டை ஆண்டவர் எப்படி எடுத்துக் கொடுப்பார்?

கிறிஸ்தவர் அல்லாத தோழிகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் எந்தப் பெரிய காரியமும் 'ஆண்டவருடைய சித்தம்' என்ன என்று கேட்காமல் நடக்காது. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அதில் வரும் வசனம் அந்த ஆண்டு முழுவதும் நமக்கு. சிலர் கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்ப்பார்கள். சிலருக்குச் சொப்பனம். முடிவு தெரியாத இடத்தில் திருவுளச்சீட்டு. கோயில் குடத்தில் சீட்டுப் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்கிற பழைய தமிழ் வழக்கம்தான். அதற்கு நாங்கள் வேத ஆதாரமும் காட்டுவோம்.

அந்த ஆதாரம் அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. யூதாஸ் போய்விட்டான், பன்னிரண்டு பேரில் ஓர் இடம் காலி. மேல்வீட்டில் ஏறக்குறைய 120 பேர் கூடியிருக்கிறார்கள். ஜெபித்து, சீட்டுப் போட்டு, மத்தியாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை நானே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் சற்று முன்னால் இருக்கும் ஒரு வரி கண்ணில் பட்டது. அந்த மேல்வீட்டில் பெண்களும் இருந்தார்கள், இயேசுவின் தாய் மரியாளும் இருந்தாள் என்று லூக்கா எழுதியிருக்கிறார். பேதுரு எழுந்து, ஆரம்பத்திலிருந்து நம்மோடு கூடவே நடந்த ஆண்களில் ஒருவர் வேண்டும் என்கிறார். கலிலேயாவிலிருந்து கூடவே நடந்த மகதலேனா மரியாள், யோவன்னாள், சூசன்னாள் பெயர்களையும் லூக்காதான் தம் சுவிசேஷத்தில் தருகிறார்; தங்கள் கைப்பொருளால் அந்தக் கூட்டத்தைத் தாங்கியவர்கள் அவர்கள். உயிர்த்தெழுதலை முதலில் கண்டவள் மகதலேனா மரியாள். தேவையான தகுதி எல்லாம் அவர்களுக்கு இருந்தது. சீட்டு இரண்டுதான்: பர்சபா என்னும் யோசேப்பு, மத்தியா.

அதன் பிறகு மத்தியாவின் பெயர் அந்தப் புத்தகத்தில் மறுபடி வரவில்லை. சீட்டுப் போடுவதும் வரவில்லை. அடுத்த அதிகாரமே பெந்தெகொஸ்தே. ஆவி இறங்கும்போது மகன்களோடு மகள்களும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்று பேசுபவர் அதே பேதுரு.

தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27. அதில் ஒரு பெண், புஷ்பா லலிதா, முதன்முறையாகப் பேராயர் ஆனது 2013இல், நந்தியால் பேராயத்தில். இடையில் 66 ஆண்டுகள். அந்த 66 ஆண்டுகளும் ஜெபிக்காமலா பேராயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஜெபித்துத்தான்.

கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார் எனக்கு முதலில் காட்டியது பிடியரிசிப் பானை. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். ஆராதனை முடிந்ததும் ஏலம். பிசான அறுப்பு முடிந்த மாதங்களில் பை கனக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இளைக்கும். "நமக்குப் பசிக்கிறப்பவும் ஒரு பிடி போடணும், அப்பதான் அது காணிக்கை" என்பார் மாமியார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் மற்றவர்களும் நம் பணத்தில் நம் ஆட்களைத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பியபோது, அவர்களுடைய பாட்டி போட்ட பிடியரிசியும் அதில் இருந்ததாக மாமியார் பெருமையாகச் சொல்வார். அந்தப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்றும் தெரியாது. அரிசி மட்டும் அளக்கத் தெரியும்.

இப்போது பானையில் பாதி ரேஷன் அரிசி. வழக்கம் நிற்கவில்லை. எங்கள் சபையில் அந்தப் பணத்தில் பாதி மிஷனரிப் பணிக்கு, மீதி பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தபால் வழியில் எம்.ஏ. முடித்தேன்; பள்ளிக்கூட வேலை கிடைத்தது; 'டீச்சர்' ஆனேன். கணக்கு எழுதத் தெரிந்தவள் என்பதால் சங்கத்தின் செயலாளரும் ஆனேன். 2023இல் எங்கள் கையில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் இருந்தது. ஆறு வருஷத்துப் பிடியரிசி.

அந்த வருஷம் அசனத்துக்கு முந்தின இரவு என் கணவரின் சித்தி விழுந்தார்.

அசனம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடும் விருந்து. முந்தின இரவு முழுவதும் பெண்கள் கோயில் வளாகத்தில் காய் நறுக்கிக்கொண்டிருப்போம். கோயிலில் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்குச் சுவர் ஓரம். பெண்களுக்குப் பின்பக்கம் வாய்க்கால் கரையில் உடைமரக் காடு. இரவு இரண்டு மணிக்குச் சித்தி தனியாகப் போனார். 68 வயது, சர்க்கரை வியாதி, எத்தனை நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ. கரையில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் ஆராதனையில் 'வழுக்கி விழுந்த சகோதரிக்காக' ஜெபித்தார்கள். இரண்டு மணிக்கு அந்த அம்மா அங்கே எதற்குப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சபைக் கமிட்டி கூடியது. கோயிலுக்கு நூற்றாண்டு வருகிறது, நினைவு வளைவு கட்ட வேண்டும், பணம் போதவில்லை, பெண்கள் சங்கத்துப் பணத்தைத் தர வேண்டும். பெரியவர் ஒருவர் சொன்னார்: "ஜெபிச்சுப் பாத்தோம்மா. ஆண்டவர் தெளிவாக் காட்டிட்டாரு."

"கழிப்பறை கட்டலாம்னு பொம்பளைங்க நெனைக்கோம்" என்றேன். உண்மையில் அப்போது நான் மட்டும்தான் நினைத்திருந்தேன்.

"கோயில் காம்பவுண்டுக்குள்ள கக்கூஸா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

வளைவு சாலை ஓரத்திலா, கோயில் வாசலிலா என்று அவர்களுக்குள்ளேயே தகராறு இருந்தது. அரை மணி நேரம் பேசியும் தீரவில்லை. கடைசியில் பெரியவர், "திருவுளச்சீட்டுப் போட்டிருவோம்" என்றார். காகிதம் கிழித்தார்கள். ஒன்றில் 'சாலை'. ஒன்றில் 'வாசல்'. மடித்து மேசை மேல் வைத்தார்கள்.

என் தம்பியின் நோட்டுத் தாள் ஞாபகம் வந்தது. கை நடுங்கியது. "இன்னொரு சீட்டு எழுதணும்" என்றேன். யாருக்கும் காதில் விழவில்லை. எழுந்து நின்று மறுபடியும் சொன்னேன்: "இன்னொரு சீட்டு எழுதணும். அது இல்லாம இதை ஆண்டவர் சித்தம்னு சொல்லாதீங்க."

34 வருஷம் தாமதமாக வந்த பேச்சு அது. வீட்டில் அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. இங்கே கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் ஐயர் வயதில் சிறியவர், சண்டையை விரும்பாதவர். சீட்டுகளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஒரு மாதம் தள்ளிவைப்போம். பெண்களும் கூடி ஜெபித்துவிட்டு வரட்டும்" என்றார்.

அந்த வாரம் சித்தியை ஆஸ்பத்திரியில் காட்டப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். படம் எடுத்து முடியக் காத்திருக்க வேண்டியிருந்தது. குளோரிந்தாவின் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். ஊரில் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்பார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை அவர். லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்தார். கல்யாணம் இல்லை. ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த உறவைக் காட்டி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல், பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸே அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் பல சாதிகளைச் சேர்ந்த 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா. அவர் முன்னின்று கட்டிய கோயிலை 1785இல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலிச் சபையின் வரலாறு அந்தப் பதிவேட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

கல்லூரியில் இதைப் படித்தபோது தேதிகளை மட்டும் மனப்பாடம் செய்தேன். அன்று அந்த மறுப்பைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தேவனுடைய வாயாகத் தான் மதித்த ஒருவர் 'உனக்கு இடமில்லை' என்று சொன்ன பிறகு அந்த அம்மா எந்தக் குரலை நம்பிக் காத்திருந்தார்? அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை. கோயில்தான் இருக்கிறது. சித்தியைப் பற்றி இனி வெட்கப்படுவதில்லை என்று அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்தேன். குரல் எதுவும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் சங்கம் கூடும். முதல் வியாழன் சித்தி எதற்குப் போய் விழுந்தார் என்பதை வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை தலை குனிந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். மாதவிலக்கு நாளில் ஆராதனைக்கு வராமல் இருந்துவிடுகிறவர்கள், அசன நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள், வாய்க்கால் கரையில் பாம்பைப் பார்த்தவர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி, டார்ச் வெளிச்சம் அடித்த பையன்களைப் பற்றிச் சொன்னாள். அவள் அம்மாவுக்கே அது அன்றுதான் தெரியும். எத்தனை வருஷம் ஒன்றாக ஜெபித்திருக்கிறோம்! இந்த விண்ணப்பம் ஒருமுறைகூட வந்ததில்லை.

அன்று எண்ணாகமம் 27 வாசித்தோம். செலொப்பியாத்துக்கு மகன் இல்லை. மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து மகள்கள். அப்பாவின் நிலத்தில் எங்களுக்குப் பங்கு இல்லையா என்று சபை எல்லாம் கூடியிருக்கும்போது வந்து நிற்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை. ஆண்டவரிடம் கேட்கப் போகிறார். அந்தப் பெண்கள் பேசுவது சரி என்று பதில் வருகிறது. மோசேயிடம் சட்டம் எல்லாம் இருந்தது. இந்தக் கேள்வி மட்டும் இல்லை. ஐந்து பெண்கள் நடந்துவந்து நின்றதால்தான் அந்தப் பதிலும் வந்தது. ஒரு பாட்டி, "அப்ப நாமளும் போய் நிக்கணும்" என்றாள். அவ்வளவுதான் அன்றைய பிரசங்கம்.

இரண்டாம் வியாழன் டோனாவூர்ப் பொன்னம்மாளின் கதையைச் சொன்னேன். ஆமி கார்மைக்கேலை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1896இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தவர். கோயில்களுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட இருந்த பெண் குழந்தைகளை டோனாவூரில் வளர்த்தவர். 1951இல் அங்கேயே இறந்தவர். அவரோடு ஊர் ஊராக மாட்டுவண்டியில் போன தமிழ்ப் பெண்களின் பெயர்களைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவர்களில் ஒருவர் பொன்னம்மாள். இளம் விதவை. அந்தக் காலத்தில் கிறிஸ்தவ வீடாக இருந்தாலும் விதவைக்கு அடுப்படிதான். அதிலிருந்து வெளியே வந்து பெண்கள் குழுவில் சேர்ந்தார். உடம்பில் இருந்த நகைகளைக் கழற்றினார். நகை இல்லாத பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று தெரிந்தே செய்தார். 1901இல் ஒரு சிறுமி கோயில் வீட்டிலிருந்து தப்பி வந்ததிலிருந்து அவர்களுடைய வேலையே மாறிப்போனது. சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டவர்கள் கைக்குழந்தைகளுக்குப் பால் காய்ச்சினார்கள், துணி அலசினார்கள், இரவெல்லாம் விழித்திருந்தார்கள். நெய்யூரில் இருந்த குழந்தைகள் இல்லத்தைப் பொன்னம்மாள்தான் நடத்தினார். 1915இல் புற்றுநோயில் இறந்தார். ஆமி அவருடைய வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார்.

ஆமியைப் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. எழுதியவர் அவர், அதனால் ஆண்டவர் என்ன காட்டினார் என்பதையும் அவர் சொல்லித்தான் நாம் அறிகிறோம். பொன்னம்மாள் தன் வாயால் சொல்லியிருந்தால் கதை எப்படி இருந்திருக்கும்? ஆனால் ஒரு விஷயத்தை நம்புகிறேன். அந்தப் பெண்களுக்குக் கிடைத்த வழிநடத்துதல் மேடைக்குக் கூட்டிப்போகவில்லை, துணி துவைக்கிற கல்லுக்குக் கூட்டிப்போனது. இதைச் சொல்லி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. நன்றாகப் பேசினேன் என்றும் தோன்றியது. கழிப்பறைதான் என்று கை உயர்த்தி முடிவு செய்தோம். ஸ்தோத்திரப் பாட்டுப் பாடினோம்.

பாட்டு முடிந்ததும் பின்னால் பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கீழத்தெரு அக்கா கேட்டாள்:

"டீச்சர், அந்தப் பொன்னம்மாள் துணி அலசினாங்கன்னு சொன்னீங்கள்லா. நம்ம கக்கூஸைக் கட்டுன பொறவு யாரு கழுவுவா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவளே சொன்னாள்: "எங்களத்தான கூப்பிடுவீங்க."

கீழத்தெரு தலித் தெரு. ஒரே கோயில், ஒரே நற்கருணைப் பாத்திரம். எங்களுக்குள் சாதி இல்லை என்று வெளியே சொல்லிக்கொள்வோம். அசனத்தில் கீழத்தெருப் பெண்கள் காய் நறுக்குவார்கள், பாத்திரம் விளக்குவார்கள், அரிசி களைந்து உலையில் போட விட்டதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. அந்த அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பஞ்சாயத்தில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதுவரை நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அவள் என்னை 'நீங்க' என்பாள், நான் அவளை 'நீ' என்பேன். அவளுடைய பிடியரிசியும் அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்தில் இருந்தது. அவளைக் கேட்காமல் அதற்கொரு சீட்டு எழுதி, ஆண்டவர் சித்தம் என்று பாட்டும் பாடிவிட்டேன்.

கமிட்டியில் ஆண்கள் சிரித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது என்னை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. 'சம்பளத்துக்கு ஆள் போடலாம்' என்று ஒரு குரல் வந்தது. "அதுக்கும் எங்க தெருவுலதான வருவீங்க" என்றாள் அக்கா. 'அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒற்றுமையாக நிற்போம்' என்று இன்னொரு குரல். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. பெண்கள் எதையாவது கேட்கும்போதெல்லாம் ஆண்கள் சொல்வது அது.

முடிவை நிறுத்திவைத்தோம். மூன்றாம் வியாழன் நான் பேசவில்லை. அக்காவை முன்னால் வந்து உட்காரச் சொன்னோம். அவள் மாட்டேன் என்று இருந்த இடத்திலேயே இருந்தாள். எனவே நாங்கள் பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தோம். 31 வருஷம் துப்புரவு வேலை செய்ததைப் பற்றி அவள் பேசினாள். அழவில்லை. கையுறை கொடுக்காத வருஷங்கள், மழைக்காலத்தில் அடைத்துக்கொண்ட சாக்கடை, வேலை முடிந்து குளித்துவிட்டுக் கோயிலுக்கு வந்தாலும் பக்கத்தில் உட்காராமல் நகர்ந்தவர்கள். நகர்ந்தவர்களில் என் மாமியாரும் உண்டு. பிறகு பத்து நிமிடம் யாரும் எதுவும் பேசாமல் இருந்தோம். எங்கள் ஜெபக்கூட்டத்தில் அத்தனை நீண்ட அமைதி இருந்ததே இல்லை. எப்போதும் ஒருவர் முந்திக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்துவிடுவோம்.

அந்த அமைதியில் ஆண்டவர் பேசினாரா என்று மாணவிகள் யாராவது என்னைக் கேட்டால் எப்படிச் சொல்வது? சீட்டு எடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இங்கே மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு வாரமும் நாங்கள் கேட்க விரும்பாத ஒன்றை யாரோ ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்ட பிறகு முந்தின வாரத்து முடிவில் அப்படியே நிற்க முடியவில்லை. வழிநடத்துதல் என்றால் எனக்கு இப்போது அதுதான். 'சித்தம்' என்று சொன்னதும் பேச்சு நின்றுபோனால் எனக்குச் சந்தேகம் வருகிறது. இன்னொருத்தி வாய் திறக்கிறாள் என்றால் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

நான்காம் வியாழன் முடிவு செய்தோம். கழிப்பறை கட்டுவது. பிடியரிசி போடும் எல்லா வீடும் முறை வைத்துக் கழுவுவது. தெரு வரிசையில் இல்லாமல் பெயரின் அகர வரிசையில். கீழத்தெரு அக்காவின் பெயரை அதில் சேர்ப்பதில்லை. 31 வருஷம் அவள் முறை முடிந்துவிட்டது என்று அந்தப் பாட்டிதான் சொன்னாள். அடுத்த அசனத்தில் எல்லாத் தெருப் பெண்களும் உலையில் அரிசி போடுவது. இந்தக் கடைசித் தீர்மானத்துக்கு நான்கு வீட்டுப் பெண்கள் எழுந்து போனார்கள். இன்றுவரை அவர்கள் வீட்டுப் பிடியரிசி வரவில்லை. அவர்களில் ஒருத்தி என் மதினி. இப்போது என்னோடு பேசுவதில்லை.

கமிட்டிக்கு நாங்கள் 23 பெண்கள் போய் நின்றோம். அறையில் இடம் இல்லை, வராந்தாவில் நின்றோம். ஐயர் சட்டைப் பையிலிருந்து பழைய சீட்டுகளை எடுக்கவில்லை. எங்கள் பணத்தில் கழிப்பறை, வளைவுக்குத் தனி வசூல் என்று எழுதிக்கொண்டார்கள். பெரியவருக்கு வருத்தம்தான். ஆனால் சித்தி கைத்தடி வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகக் கோயிலுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது அந்தப் பெரியவர்தான். வளைவு இன்னும் முடியவில்லை. இரண்டு தூணில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாலை ஓரத்தில்.

என் மகளுக்கு இப்போது 27 வயது. பெங்களூரில் ஒரு வேலை, சென்னையில் ஒரு வேலை, ஒரு வரன் எல்லாம் ஒரே மாதத்தில் வந்தன. "ஜெபிச்சு ஒரு முடிவு சொல்லுங்கம்மா" என்றாள். முதலில் ஒரு தாளை எடுத்து எழுது என்றேன். மூன்றையும் எழுதினாள். "வேற ஏதாவது?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு நான்காவதாக ஒன்று எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. தாளை நான்காக மடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

என் முறை மாதத்தில் ஒரு சனிக்கிழமை வரும். முதல் முறை பினாயிலை அளவு தெரியாமல் ஊற்றி, மூச்சு முட்டி வெளியே வந்து நின்றேன். சைக்கிளில் போன கீழத்தெரு அக்காவின் பேரன் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறான். அவள் நடந்து வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"மொதல்ல தண்ணியை ஊத்துங்க டீச்சர். பொறவு பிரஷ்ஷப் போடுங்க. மூலையில நல்லாத் தேயுங்க, அங்கதான் நிக்கும்."

"சரிக்கா" என்றேன்.

"இன்னும் ஒரு வாளி" என்றாள். குழாயடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தேன்.